வாசித்துக் காட்டும் போன்: வகுப்பறையில் குரல் தொழினுட்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் தரம் 6 முதல் 9 வரை தமிழும் புவியியலும் படிப்பிக்கிறேன். எழுத்தை வாசித்துக் காட்டும் குரலையும் பேச்சை எழுத்தாக்கும் வசதியையும் சாதாரண வகுப்பிலேயே பாவித்து வருகிறேன். அதைப் பற்றி ஆசிரியர் அறையிலும் பஸ்ஸிலும் பெற்றோர் கூட்டத்திலும் கேட்கிறார்கள். கல்முனை, திருக்கோவில் பக்கத்து ஆசிரியர்களும் போன் எடுத்துக் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்வதை விட எழுதிவைப்பது நல்லது என்று பட்டது.

இதற்குப் புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமா?

தேவையில்லை. உங்கள் கையிலிருக்கும் அன்ட்ரொய்ட் போனில் இரண்டு வேலைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. எழுத்தைக் குரலாக்குவது ஒன்று, குரலை எழுத்தாக்குவது மற்றது. கூகுளின் தமிழ்க் குரலை ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாமலும் வாசிக்கும். தமிழில் பேசித் தட்டச்சு செய்யும் வசதியைக் கூகுள் 2017 இல் கொண்டுவந்தது. விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டால் போதும்.

கணினி இருந்தால் மைக்ரோசொப்ட் எட்ஜ் உலாவியைப் பாருங்கள். பக்கத்தைத் திறந்து உரக்க வாசிக்கும்படி அழுத்தினால், வாசிக்கும் சொல்லை நிறமிட்டுக் காட்டிக்கொண்டே போகும். அதில் இலங்கைத் தமிழுக்கென்று குமார், சரண்யா என இரண்டு குரல்கள் உண்டு. ஆனால் இணையம் வேண்டும். எங்கள் வகுப்பில் சரண்யாவுக்குத்தான் ஆதரவு அதிகம். ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்டால் சிரிக்கிறார்கள், காரணம் சொல்வதில்லை.

அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் பார்வையற்றோருக்காக அச்செழுத்தை வாசிக்கும் இயந்திரத்தை 1976 இல் வெளியிட்டபோது அது ஒரு மேசையை முழுதாக அடைத்தது. இன்று அது சட்டைப் பையில் கிடக்கிறது. நாம்தான் அதை வட்சப்போடு நிறுத்திவிட்டோம்.

இது பார்வையில்லாத, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான சாமான் அல்லவா? எல்லாருக்கும் எதற்கு?

அவர்களுக்காகத்தான் பிறந்தது. ஆனால் சாதாரண வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிந்தும் கண்ணாடி போடாத பிள்ளை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் தடுமாறும் பிள்ளை. டிஸ்லெக்சியா என்கிறார்கள், எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் "படிப்பு ஏறாது" என்று முடித்துவிடுகிறார்கள். வேளாண்மை வெட்டுக் காலத்தில் இரண்டு கிழமை வராமல் இருந்துவிட்டு வந்த பிள்ளை. அப்புறம், வாசிக்கத் தெரிந்தும் அரைப் பக்கத்துக்கு மேல் பொறுமை இல்லாத பிள்ளை. இந்தக் கடைசி வகையில் நானும் ஒருவனாக இருந்தேன்.

இவர்கள் யாரும் விசேட கல்வி அலகுக்குப் போகிறவர்கள் அல்லர். உங்கள் வகுப்பிலேயே பின் வாங்கில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். தரம் 8, புவியியல், களப்பும் கண்டல் தாவரமும். பாடத்தை நான் யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையில், தட்டச்சு செய்து வைத்திருந்தேன். வழமையாக ஆளுக்கு ஒரு பந்தியாக எழுந்து வாசிப்பார்கள். அன்று முதல் வாசிப்பை ஸ்பீக்கரில் போட்டேன். மூன்றாவது பந்தி முடியவில்லை, பின்னாலிருந்து ஒரு கை. இரண்டு வருடமாக என் பாடத்தில் வாயே திறக்காத பையன். தகப்பனோடு வாவியில் வலை இழுக்கப் போகிறவன்.

"கண்டல் எண்டா எங்கட கண்ணாப் பத்தைதானே சேர்?"

ஓம் என்றேன். அதற்குப் பிறகு பத்து நிமிடம் வகுப்பை அவன்தான் நடத்தினான். றால் குஞ்சு ஏன் அந்த வேருக்குள் போய் ஒதுங்குகிறது, பற்றையை வெட்டிய இடத்தில் ஏன் மீன் குறைந்தது என்றெல்லாம் சொன்னான். பாடப் புத்தகத்தில் இல்லாத விசயங்கள். இரண்டு வருடமாக அந்தப் பக்கத்தின் வாசலிலேயே அவன் நின்றிருக்கிறான். எழுத்துக் கூட்டுவதிலேயே மூச்சு முடிந்துவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை, அவனுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 24 ஆம் உறுப்புரை எல்லாரையும் உள்ளடக்கிய கல்வியைப் பற்றியது. அந்தப் பெரிய சொல்லை நான் விளங்கிக்கொண்டது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை வாசிக்கப் பழகாமல் போய்விடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான பயம். என்னிடமும் இருந்தது.

கோயிலில் புராண படனம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்வார். சுற்றி இருக்கும் ஆச்சிமாரில் பலருக்கு ஏட்டைக் கொடுத்தால் ஒரு வரி வாசிக்க வராது. ஆனால் பயன் சொல்பவர் ஓரிடத்தில் பிழை விட்டால் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். ஆகவே எழுத்தை ஒலியாக்குவது ஒரு திறமை, ஒலியாய் வந்ததை விளங்குவது இன்னொரு திறமை. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986 இல் இதையே ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழியை விளங்கும் திறனால் பெருக்கி வருவது. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் பூச்சியம் என்றால் விடையும் பூச்சியம்.

தரம் 8 க்கு வந்தும் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம்? முதல் திறமை வரும்வரை இரண்டாவதையும் பட்டினி போடுகிறோம். புதிய சொல் காதில் விழுவதில்லை, விஞ்ஞானம் விழுவதில்லை, வரலாறு விழுவதில்லை. நாலு வருடம் கழித்து எழுத்து பிடிபட்டாலும், வாசித்ததை விளங்க அவனிடம் சொல் இருக்காது.

அதே நேரம், குரல் எழுத்தைப் படிப்பிக்காது. இதை ஒளிக்கக் கூடாது. சும்மா கேட்டுக்கொண்டு வெளியே மாங்காய் மரத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு வாசிப்பு ஒரு அங்குலமும் முன்னேறாது. ஆகவே என் வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: பாடத்தின் நோக்கம் வாசிப்பு என்றால் குரல் இல்லை. நோக்கம் களப்பு, மழை, சோழர், சமன்பாடு என்றால் குரல் உண்டு. குரல் ஓடும்போது புத்தகம் திறந்திருக்க வேண்டும், விரல் வரிக்குக் கீழே ஓட வேண்டும்.

அந்த விரல் முக்கியம். தமிழில் ஒரு சங்கடம் உண்டு. 'கெ' என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. தடுமாறும் பிள்ளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடிக்கப் போய் அங்கேயே சிக்கும். கண் அந்த உருவத்தில் நிற்கும்போதே காதில் 'கொக்கு' என்று முழுச் சொல்லாக விழுந்தால் உருவமும் ஒலியும் மெல்ல ஒட்டிக்கொள்கின்றன. மெல்ல என்றுதான் சொன்னேன். ஒரு தவணையில் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். தினம் கால் மணித்தியாலம் எழுத்து, சொல், வசனம் என்று பக்கத்தில் இருந்து படிப்பிக்கும் வேலை அப்படியே இருக்கிறது. அதை எந்தப் போனும் எடுத்துச் செய்யாது.

ஒரு போன், 36 பிள்ளைகள். எப்படிச் சமாளிப்பது?

என்னிடமும் ஒன்றுதான். மாணவர் பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பதால் ஆசிரியரின் போனையே நம்ப வேண்டும். நான் செய்வது இது. முதல் வாசிப்பு ஸ்பீக்கரில் எல்லாருக்கும். பிறகு வகுப்பு குழுக்களாகப் பிரிந்து வேலை செய்யும்போது, போன் ஒரு மூலை மேசைக்குப் போகும். ஹெட்போன் வயரை நாலாகப் பிரிக்கும் ஒரு சின்னத் துண்டு கடைகளில் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து இரண்டாம் தடவை கேட்கலாம். யார் வேண்டுமானாலும் அந்த மேசைக்குப் போகலாம், யாரும் அனுப்பப்படுவதில்லை.

போனை விமான நிலையில் போடுங்கள். ஒரு நாள் நான் மறந்துபோய், ஆற்று நீர்ப் பாய்ச்சல் பற்றிய பந்திக்கு நடுவில் வீட்டிலிருந்து ஒரு அழைப்பு வந்து, பெயர் பெரிதாக ஒலித்து, வகுப்பு முழுக்க அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

மழைக்காலத்தைத் தனியே சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் தகரக் கூரையில் வாடைமழை கொட்டும்போது என் குரலே இரண்டாம் வரிசைக்குப் போகாது, ஸ்பீக்கர் எம்மாத்திரம். அரைச் சுவர் மண்டபத்தில் பக்கத்து வகுப்புச் சத்தமும் சேரும். அந்த நாள்களில் ஸ்பீக்கரை மறந்துவிட்டு ஹெட்போன் மேசையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பேசித் தட்டச்சு செய்வதும் அந்த இரைச்சலில் சரிவராது. மழையைக் கேட்டு அது தன்பாட்டில் ஏதோ எழுதும்.

என் வினாத்தாளை வாசிக்கச் சொன்னால் போன் ஆங்கில எழுத்துகளாக உளறுகிறதே?

போனில் பிழையில்லை. நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். பாமினியில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. நீங்கள் 'அம்மா' என்று பார்ப்பதைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே வைத்திருக்கிறது. குரல் பாவம், இருப்பதைத்தான் வாசிக்கும்.

இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் இதுதான் மிகப் பெரிய தடை என்பது என் எண்ணம். தடை பணமும் அல்ல, இணையமும் அல்ல, பாமினிதான். யூனிகோடில் தமிழ் 1991 இலேயே இடம்பிடித்துவிட்டது. நாங்கள் இன்னும் தவணைப் பரீட்சைத் தாளைப் பழைய எழுத்துருவில் அடிக்கிறோம். பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒட்டி, மாற்றி, ஒரு தடவை வாசித்துப் பார்த்துத் திருத்தினால் முடிந்தது. இனிமேல் எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். பாமினி விசைகளையே பாவித்து யூனிகோடில் அடிக்கும் வசதியும் உண்டு, விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை.

பாடப் புத்தகப் பிடிஎஃப் ஒன்றிலும் இதே உளறல் வந்தால், அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்து பாருங்கள். படத்திலுள்ள தமிழை எழுத்தாகப் பிரித்துத் தரும். அச்சுத் தெளிவாக இருந்தால் நன்றாகவே வரும். அட்டவணை, வரைபடம் உள்ள பக்கம் என்றால் வரிகள் குழம்பும். அவற்றைக் கையால் அடிப்பது லேசு.

எங்கள் மட்டக்களப்புப் பேச்சு அதற்கு விளங்குமா?

சரி, இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செக் நாட்டு மொழியியலாளர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ் வழக்குகளிலேயே எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழ் என்று 1960களில் எழுதினார். நாங்கள் அதை மேடையில் பெருமையாகச் சொல்வோம். போனுக்கு அந்தச் சங்கதி தெரியாது. 'மறுகா' (பிறகு) என்றாலும் 'ஒள்ளுப்பம்' (கொஞ்சம்) என்றாலும் திகைத்துப்போய் வாயில் வந்த ஏதோ ஒரு சொல்லைப் போடுகிறது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது வினை முடிவு. ஒரு பிள்ளை "நான் நேத்து வயலுக்குப் போனன்" என்று சொன்னாள். திரையில் 'போனான்' என்று விழுந்தது. அவள் போனது போய், யாரோ ஒருவன் வயலுக்குப் போய்விட்டான். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு நான் அதையே பாடமாக்கினேன். நாங்கள் சொல்வது 'போனன்', எழுதுவது 'போனேன்', அதில் ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடும். திணை, பால், எண், இடம் என்று நான் மூன்று நாள் விளக்கியது அன்று மூன்று நிமிடத்தில் விளங்கியது.

விசைப்பலகை அமைப்பில் தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை என்று தெரிவு இருந்தால் இலங்கையை எடுங்கள். உதவும், ஆனால் பேச்சு வழக்கை முழுதாகப் பிடிக்காது. பிள்ளைகளிடம் நான் சொல்வது: முதலில் உன் வாயால் உன் தோழனுக்குச் சொல்லு, பிறகு வானொலிச் செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் போனுக்குச் சொல்லு. செய்தி வாசிப்பாளராக நடிப்பது அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு.

ஒன்றை மட்டும் விடாப்பிடியாகச் சொல்வேன். போனுக்கு விளங்கவில்லை என்பதற்காக எங்கள் பேச்சைப் பிழை என்று சொல்லாதீர்கள். குறை போனுடையது.

எழுத்தில் பிழை விடும் பிள்ளைக்கு இது உதவுமா?

நிறைய. குரல் பிள்ளையின் எழுத்தை எழுதிய மாதிரியே வாசிக்கும். புள்ளியை விட்டுவிட்டு 'அமமா' என்று அடித்திருந்தால் 'அமமா' என்றே சொல்லும். 'பட்டம்' என்பதில் 'ட்' என்ற ஒற்றைத் தவறவிட்டால் காற்றில் பறக்க வேண்டியது சுவரில் தொங்கும் 'படம்' ஆகிவிடும். கண் இவற்றைத் தாண்டிப் போகிறது, ஏனென்றால் மனதில் இருப்பதைத்தான் கண் பார்க்கிறது. காது தாண்டாது.

என் வகுப்பில் ஒரு பிள்ளை சிவப்பு மை பட்ட கொப்பியைத் திறக்கவே மாட்டாள். அவள் கட்டுரையை ஹெட்போனில் அவளுக்கே வாசிக்க விட்டேன். முதல் பந்தியிலேயே நிறுத்தினாள், திருத்தினாள், திரும்பக் கேட்டாள், இன்னொன்றைத் திருத்தினாள். ஏழு புள்ளி, இரண்டு ஒற்று. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ழ, ள குழப்பத்துக்கு மட்டும் இதை அதிகம் நம்ப வேண்டாம். எங்கள் காது இரண்டையும் ஒன்றாகக் கேட்டே பழகிவிட்டது. 'வாளை' மீன் என்பதும் 'வாழை' மரம் என்பதும் நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

பேச முடியாத, காது சரியாகக் கேட்காத பிள்ளை சாதாரண வகுப்பில் இருந்தால்?

காது மந்தமான பிள்ளைக்குக் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி நல்லது. 2019 இல், அமெரிக்காவில் செவிப்புலனற்றோருக்கான கலோடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கி வெளியிட்டார்கள். நீங்கள் பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடும், தமிழிலும் ஓடும். போனை உங்கள் வாய்க்குக் கிட்ட வைத்து, இலக்கணத் தமிழில், கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் பேச வேண்டும். பிழை வரும். ஆகவே முக்கியமான சொற்களைப் பலகையில் எழுதியே தீர வேண்டும்.

பேச்சு வராத பிள்ளைக்குப் படங்களைத் தொட்டால் சொல்லாக ஒலிக்கும் செயலிகள் உள்ளன. சென்னையில் உருவான அவாஸ் தமிழிலும் பேசும், ஆனால் காசு கட்ட வேண்டும். காசில்லையென்றால் ஒரு மட்டையில் பத்துப் படம் ஒட்டுங்கள்: தண்ணீர், வெளியே போக வேணும், விளங்கேல்ல, திரும்பச் சொல்லுங்க, எனக்கு விடை தெரியும். கடைசிப் படத்தைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தேவைகள் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறோம், விடையும் இருக்கும்.

இயந்திரக் குரல் என்று பிள்ளைகள் சிரித்தால் ஸ்டீபன் ஹோக்கிங்கின் கதையைச் சொல்லுங்கள். 1985 இல் பேச்சை இழந்த பிறகு இயந்திரக் குரலில்தான் அவர் விரிவுரை செய்தார். பிறகு இன்னும் நல்ல குரல்கள் வந்தபோதும், இதுதான் என் குரல் என்று பழையதையே வைத்துக்கொண்டார்.

சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பாவிக்கலாமா?

கட்டாயம். இரண்டாம் மொழிச் சிங்களத்துக்குப் பல பாடசாலைகளில் ஆசிரியரே இல்லை. கூகுளிலும் எட்ஜிலும் சிங்களக் குரல் இருக்கிறது. புத்தகத்தில் தமிழ் எழுத்தில் கொடுத்த உச்சரிப்பை வைத்துக்கொண்டு தடுமாறுவதை விட அது எவ்வளவோ மேல். ஆங்கிலத்தில் வேகத்தைக் குறைத்து வையுங்கள், அவ்வளவுதான்.

பரீட்சையில் இதைப் பாவிக்க விடுவார்களா?

போனை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், உதவியாளர் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. அதிபர் மூலம், மருத்துவச் சான்றுகளோடு, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் தரத்திலேயே தொடங்குங்கள். பரீட்சை நெருங்கிய பிறகு ஓடித் திரிவதில் பயனில்லை.

ஆகவே வகுப்பில் குரலோடு பழகிய பிள்ளை, குரல் இல்லாமலும் தாளை எதிர்கொள்ளப் பழக வேண்டும். கடைசித் தவணையில் நான் படிப்படியாகக் குறைப்பேன். முதலில் வினாவை மட்டும் கேட்பது, பிறகு தடக்கிய சொல்லை மட்டும் கேட்பது, பிறகு ஒன்றும் இல்லை.

மற்றப் பிள்ளைகள் கேலி செய்யமாட்டார்களா?

ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் செய்வார்கள். நான் அந்தப் பிழையை விட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பையனை மட்டும் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். இடைவேளைக்கு முன்னே அவனுக்குப் பட்டப் பெயர் வந்துவிட்டது. அடுத்த நாள் ஹெட்போனைத் தொடவே மாட்டேன் என்றான். உதவி என்று நினைத்து நான் அவன் நெற்றியில் ஒரு குறி வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். பிறகு மூலை மேசையை எல்லாருக்குமாகத் திறந்தபோது, முதலில் ஓடிப்போய் உட்கார்ந்தவள் வகுப்பில் முதலாம் பிள்ளை. மனப்பாடம் செய்ய லேசாம். அதற்குப் பிறகு கேலிக்கு வழியில்லை. அந்தப் பையன் மூன்றாம் நாள் தானாக வந்து உட்கார்ந்தான்.

ஏதோ அழுத்திவிட்டேன், போன் தொட்டதையெல்லாம் வாசிக்கிறது, திறக்கவும் முடியவில்லை!

டாக்பேக் இயங்கிவிட்டது. பார்வையற்றோர் போன் பாவிப்பதற்கான வசதி அது. போன் பழுதாகவில்லை, கடைக்குக் கொண்டு ஓட வேண்டாம். ஒலியைக் கூட்டும் குறைக்கும் இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் அநேகமான போன்களில் நின்றுவிடும். நிற்காவிட்டால், ஒரு தடவை தொட்டுத் தெரிவு செய்து, இரு தடவை தட்டித் திறந்து, இரண்டு விரலால் நகர்த்தி, செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் போய் நிறுத்துங்கள். வகுப்புக்கு வேண்டியது டாக்பேக் இல்லை. அதே இடத்தில் இருக்கும் செலக்ட் டு ஸ்பீக். தெரிவு செய்ததை மட்டும் வாசிக்கும்.

பிள்ளையின் குரல் எங்கே போகிறது? பாதுகாப்பா?

வாசித்துக் காட்டும் வேலையில் பிள்ளையின் குரல் எங்கும் போவதில்லை. பேசித் தட்டச்சு செய்யும்போதுதான் குரல் பெரும்பாலும் நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகிறது. ஆகவே முழுப்பெயர், முகவரி, வீட்டுச் சங்கதி எதையும் அதற்குச் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பெற்றோரிடம் ஒரு தாளில் சம்மதமும் வாங்கியிருக்கிறேன். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளை வாசிப்பதை வீடியோ எடுத்து முகநூலில் போடும் ஆசை உள்ள ஆசிரியர்கள் அதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

நாங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? எனக்கே வாசிக்க அவ்வளவு வராது.

இதைக் கேட்டது ஒரு தாய். கூட்டம் முடிந்து எல்லாரும் போகும்வரை வாசலில் நின்றுதான் கேட்டார். ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்வு, அதோடு படிப்பு நின்றுபோனது. பாடசாலை வட்சப் குழுவில் அறிவித்தல் வந்தால் மகள் வரும்வரை காத்திருப்பாராம்.

அவருடைய போனிலேயே செலக்ட் டு ஸ்பீக்கைப் போட்டுக் கொடுத்தேன். பின்னேரம் மகள் பாடத்தைக் கேட்கும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள், முடிந்ததும் "என்ன சொன்னது?" என்று மட்டும் கேளுங்கள், அவள் சொல்லட்டும் என்றேன். அதற்கு எழுத்துத் தெரியத் தேவையில்லை. அவர் அதைக் கேட்டுக்கொண்டாரா தெரியாது, ஏனென்றால் அதற்குள் அன்று காலை வந்திருந்த அறிவித்தலைத் தொட்டுவிட்டார். போன் வாசித்தது. வெள்ளிக்கிழமை சிரமதானம், மண்வெட்டி கொண்டுவரவும். திரும்பவும் தொட்டார்.

"இத ஒள்ளுப்பம் மெதுவா வாசிக்கச் சொல்ல ஏலாதா சேர்?"

ஏலும். செட்டிங்ஸில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்ற இடத்தில் வேகத்துக்கு ஒரு கோடு இருக்கும். அதை இடப் பக்கம் இழுக்க வேண்டும்.